பத்தாம் தேதி இதழ்கள்

முதலில் மூக்கு, அப்புறம்தான் கை. பழைய இதழ் ஒன்று பழுதுக்கு வந்தால் திறப்பதற்கு முன் முகர்ந்துவிடுவேன். பழந்தாளின் லேசான இனிப்பு வாசம் இருந்தால் கவலையில்லை. சிகரெட் வாடை அடித்தால் உரிமையாளரைப் பற்றிக் கொஞ்சம் தெரிகிறது, அவ்வளவுதான். ஈரச்சாக்கு வாடை வந்தால் அது பூஞ்சை. அந்த இதழ் மற்ற இதழ்கள் இருக்கும் அறைக்குள்ளேயே நுழையக் கூடாது. தனி உறையில் போட்டு, உலர்ந்த இடத்தில் வைத்து, பூஞ்சை காய்ந்து தூளான பிறகு முகக்கவசம் கட்டிக்கொண்டு பால்கனியில் மெல்லிய தூரிகையால் தட்ட வேண்டும். பக்கத்து வீட்டு அம்மா துணி காயப்போட்டிருந்தால் அன்றைக்கு அந்த வேலை கிடையாது.

டோக்கியோவில் எதொகவா வார்டில் நிஷி-கசாய் என்ற பகுதியில் இருக்கிறேன். இங்கே நம்மவர்கள் நிறைய. பகலில் எல்லோரையும் போலக் கணினி வேலை. மாலையிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் பழைய அனிமே மாத இதழ்களைப் பழுதுபார்க்கிறேன். பிரிந்த முதுகு, துருப்பிடித்த பின், கிழிந்த போஸ்டர், ஒட்டிக்கொண்ட பக்கம், மஞ்சளாகிப்போன செல்லோடேப் எல்லாம் வரும். சேகரிப்பாளர்கள் கொண்டுவந்து தருகிறார்கள். பழைய புத்தகக் கடைக்காரர்கள் சிலரும் தருகிறார்கள். சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் அனிமேப் பித்துப் பிடித்த தம்பி தங்கைகள் இந்த வேலையைக் கற்றுக்கொள்வது எப்படி என்று கேட்டு எழுதுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இது.

இந்த வேலைக்கான கையை நான் ஜப்பானில் வாங்கவில்லை. திருவல்லிக்கேணியில் ஒரு பைண்டரிடம் வாங்கினேன். கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. அவரை எல்லோரும் ‘பாய்’ என்றே கூப்பிடுவார்கள். கல்லூரி விடுமுறைகளில் அங்கே உட்கார்ந்திருப்பேன். கணக்குப் பேரேடு, நூலகப் புத்தகம், வக்கீல் கட்டு எல்லாம் வரும். எனக்குப் பிடித்தது தொடர்கதைக் கட்டுகள்தான். வாராவாரம் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்த பக்கங்களைச் சணல் கயிற்றில் கட்டிக் கொண்டுவருவார்கள். ‘பொன்னியின் செல்வன்’ கல்கியில் 1950 முதல் 1954 வரை வந்தபோது மணியம் வரைந்த படங்களோடு சேர்த்துவைத்த கட்டு ஒன்று வந்தது. பாய் அதைத் தொடுவதற்கு முன் போய்க் கைகழுவிவிட்டு வந்தார். மற்றபடி பாய்க்குக் கதை எது, படம் எவருடையது என்பதெல்லாம் அக்கறை இல்லை. உட்கார்ந்தவுடன் பக்கத்தை எண்ணுவார்.

“என்ன தம்பி, பதினாலுக்கு அப்புறம் பதினேழு வருது? போய்க் கேட்டுட்டு வா. எண்ணாம தைக்கிறவன் பைண்டர் இல்ல.”

இன்றைக்கும் என் மேசைக்கு எந்த இதழ் வந்தாலும் இரண்டாவது வேலை எண்ணுவது. அனிமே இதழில் இது லேசுப்பட்ட காரியம் இல்லை. பக்க எண் எல்லாப் பக்கத்திலும் இருக்காது. நடுவில் மடித்துவைத்த போஸ்டர், தனியாகச் செருகிய குட்டிப் புத்தகம், ஸ்டிக்கர் தாள், வாசகர் கருத்து எழுதி அனுப்பக் கெட்டித்தாளில் வெட்டுக்கோடு போட்ட அஞ்சலட்டை என்று ஏகப்பட்ட உதிரிகள் இருக்கும். இந்த உதிரிகளுக்கு இங்கே ஃபுரோகு என்று பெயர். ஜிம்போச்சோ பழைய புத்தகக் கடைகளில் இதழைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உறைமேல் சின்னத் துண்டுத்தாள் ஒட்டியிருப்பார்கள்: ஃபுரோகு இல்லை, முதுகு யாகே, இரண்டு பக்கம் வெட்டு, எழுத்து உண்டு. யாகே என்றால் வெயில்பட்டு வெளுத்தது அல்லது பழுப்பேறியது. அந்தத் துண்டுத்தாளைப் படிக்கத் தெரிந்தால் இந்தத் தொழிலின் பாதி இலக்கணம் வந்துவிடும்.

எந்த இதழில் எத்தனை உதிரிகள் இருந்தன என்பதை நினைவிலிருந்து சொல்லக் கூடாது. முழுப் பிரதியைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஜிம்போச்சோவிலிருந்து நடந்தே போகிற தூரத்தில் மெய்ஜி பல்கலைக்கழகத்தின் யொனெசாவா யொஷிஹிரோ நினைவு நூலகம் இருக்கிறது, 2009இல் திறந்தார்கள். கொமிக்கெட் என்ற ரசிகர் வெளியீட்டுச் சந்தையைத் தொடங்கியவர்களில் ஒருவரான யொனெசாவா வாழ்நாளெல்லாம் சேர்த்த குவியல் அது. சேதகயாவில் ஹச்சிமன்யமா பக்கம் ஓயா சோயிச்சி நூலகம் 1971 முதல் இருக்கிறது. இதழ்களுக்காகவே நடக்கிற நூலகம். பென்சிலும் ஒரு நோட்டும் எடுத்துக்கொண்டு போய், முழுப் பிரதியைப் பக்கம் பக்கமாகப் பார்த்துக் குறித்துக்கொண்டு வந்த பிறகுதான் என் பசை கிண்டும் வேலை.

மேசைக்கு வருகிற இதழ்களில் வயதில் மூத்தது பெரும்பாலும் ‘அவுட்’. மினோரி ஷோபோ பதிப்பகம் அதை 1977இல் தொடங்கியது. இரண்டாவது இதழிலேயே ‘விண்வெளிப் போர்க்கப்பல் யமாத்தோ’ தொடருக்குச் சிறப்புப் பகுதி போட்டு விற்றுத் தள்ளினார்கள். அதைப் பார்த்துத்தான் மற்றப் பதிப்பகங்களுக்கு அனிமேக்கென்று தனி இதழ் ஓடும் என்ற தைரியம் வந்தது. தொக்குமா ஷோத்தென் 1978 மே மாதம் ‘அனிமேஜ்’ கொண்டுவந்தது. 1981இல் கக்கென் பதிப்பகத்தின் ‘அனிமீடியா’, 1985இல் கதொகவாவின் ‘நியூடைப்’. வெகுகாலமாக இந்த மூன்றும் மாதத்தின் 10ஆம் தேதி கடைக்கு வந்தன. என் வாடிக்கையாளர்களில் ஐம்பதைத் தாண்டியவர்கள் இன்னும் 10ஆம் தேதியைச் சம்பளத் தேதி போலப் பேசுவார்கள்.

அனிமேஜின் முதல் இதழை அவசர அவசரமாகத் தயாரித்த கதையை சுசுகி தொஷியோ பல இடங்களில் சொல்லியிருக்கிறார். பின்னால் ஸ்டூடியோ கிப்லியின் தயாரிப்பாளரானாரே, அவர்தான். அப்போது அவருக்கு அனிமேயே தெரியாது. பள்ளி மாணவிகள் சிலரிடம் கேட்டுத்தான் எது நல்ல படம் என்று தெரிந்துகொண்டாராம். அவர்கள் சொன்ன 1968ஆம் ஆண்டுப் படமான ‘ஹோருஸ்’ பற்றிப் பேச இயக்குநர் தகஹத்தா இசாவோவுக்குத் தொலைபேசி செய்தால், ஏன் பேசமாட்டேன் என்பதை ஒரு மணி நேரம் விளக்கியிருக்கிறார் மனிதர். பக்கத்திலிருந்த மியாசாகி ஹயாவோவோ, பேசுகிறேன், ஆனால் 16 பக்கம் கொடு என்றிருக்கிறார். இது எனக்குப் பிடித்த கதை. படம் பெரிதா, புகழ் பெரிதா என்பதெல்லாம் அப்புறம், கேட்டது பக்கம். 16 பக்கம் என்றால் பாய் கடையில் ஒரு முழு ஃபாரம்.

அனிமேஜில்தான் மியாசாகியின் ‘நௌசிகா’ சித்திரத்தொடர் 1982 பிப்ரவரி இதழில் தொடங்கி 1994 மார்ச் இதழில் முடிந்தது. நடுவில் அவர் படமெடுக்கப் போகும்போதெல்லாம் தொடர் நின்றுவிடும். அந்தப் பக்கங்களை மட்டும் வெட்டிச் சேர்த்த கட்டு ஒன்று ஒரு பெரியவரிடமிருந்து வந்தது. இப்படி வெட்டிச் சேர்ப்பதற்குக் கிரிநுகி என்று பெயர். பழைய சரக்குச் சந்தையில் கிரிநுகிக் கட்டுகளுக்கென்று தனி விலையே உண்டு. கட்டை அவிழ்த்ததும் எனக்குத் திருவல்லிக்கேணிதான் ஞாபகம் வந்தது. சணல் கயிற்றுக்குப் பதில் ரப்பர் பேண்ட். ரப்பர் பேண்ட் இன்னும் மோசம்; உருகிப் பிசினாகித் தாளில் இறங்கிவிடும்.

பெரியவர் பைண்டு செய்து தரச் சொன்னார். ‘நௌசிகா’ ஏழு தொகுதிகளாக, இதழளவுப் பெரிய தாளில், செம்பழுப்பு மையில் அச்சாகிக் கடையில் கிடைக்கிறது. அது அவர் அலமாரியிலேயே இருக்கிறது. ஆனாலும் மாதாமாதம் தான் படித்த பக்கம் இதுதான் என்றார். எனக்கு அதற்குமேல் காரணம் தேவைப்படவில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. வெட்டிய பக்கத்தின் மறுபுறத்தில் தொடர் இல்லாத இடங்களில் விளம்பரமோ, வேறொரு படத்தின் துணுக்கோ பாதியில் நின்றது. அதையெல்லாம் வெள்ளைத்தாள் ஒட்டி மறைத்துவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஒட்டினால் தாள் தடித்து முதுகு வீங்கும். அது தொழில் காரணம். அந்த மாதம் அந்தப் பக்கத்துக்குப் பின்னால் என்ன இருந்தது என்பதும் போய்விடும். அது என் காரணம். தொழில் காரணத்தை மட்டும் அவரிடம் சொன்னேன். ஒத்துக்கொண்டார்.

இனி பொருள்களுக்கு வருகிறேன். இங்கேதான் நிதானம் வேண்டும்.

இந்த இதழ்களில் தாள் ஒரே மாதிரி இராது. முன்னால் வண்ணப்பக்கம் வழுவழுப்பான ஆர்ட் பேப்பர்; பின்னால் கறுப்பு வெள்ளைப் பக்கம் கரடுத்தாள். கரடுத்தாள் பழுப்பேறும், ஓரம் நொறுங்கும், ஆனாலும் சொன்ன பேச்சைக் கேட்கும். ஆர்ட் பேப்பர்தான் ஆளைக் கவிழ்ப்பது. அதன் மேற்பூச்சில் களிமண்ணும் சுண்ணமும் ஒட்டுப்பொருளும் இருக்கின்றன. நனைந்தால் அந்தப் பூச்சு இளகி எதிர்ப்பக்கத்தின் பூச்சோடு ஒட்டும். ஈரமாக இருக்கும்வரை பிரிக்கலாம். காய்ந்துவிட்டால் இரண்டு பக்கமும் ஒரே தகடு. ஜூன் ஜூலை மழைக்காலத்தில் டோக்கியோ வீடுகளின் அலமாரிக்குள் இதுதான் நடக்கும். சென்னையில் வருஷம் முழுக்க நடக்கும்.

என்னிடம் வேலை பழக வருகிற கல்லூரி மாணவர் ஒருவர், நனைந்து காய்ந்த இதழ் ஒன்றைத் தட்டைக்கத்தியால் பிரிக்கப் பார்த்தார். நான் அடுப்படியில் இருந்தேன். சத்தம் கேட்டது; பூச்சு பெயர்கிற சத்தம் தனி, ஒருமுறை கேட்டால் மறக்காது. ஒரு முகத்தின் பாதி எதிர்ப்பக்கத்துக்குப் போய்விட்டது. நல்லவேளை, பழகுவதற்கென்று வாங்கிய பிரதி. இரண்டு பக்கத்தையும் அவர் மேசைக்கு எதிரே ஒட்டிவைத்தேன். தண்டனை இல்லை, எவ்வளவு மெல்லிய பூச்சின்மேல் அந்த முகம் நிற்கிறது என்று தினமும் கண்ணில் படட்டும். காய்ந்து ஒட்டியதற்கு வைத்தியம் கிடையாது என்று உரிமையாளரிடம் சொல்லத் தெரிவதும் வேலைதான். இன்னும் ஈரமாக இருக்கிற இதழ் வந்தால் மட்டும் ஓடவேண்டும். பக்கத்துக்குப் பக்கம் பாலியெஸ்டர் துணித்தாள் செருகி, விசிறிக் காற்றில் வைத்து, இரவெல்லாம் தாள் மாற்ற வேண்டும். அன்றைக்குத் தூக்கம் இல்லை.

கிழிசல் ஒட்ட மெல்லிய ஜப்பானியத் தாள். கோசோ என்ற செடியின் நார். அதிலும் தெங்குஜோ என்ற வகை. கோச்சி மாகாணத்தில் ஹிதகா என்ற ஊரில் சதுர மீட்டருக்கு 1.6 கிராம் எடையில்கூடச் செய்கிறார்கள். அதைக் கையில் எடுக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும், பறந்துவிடும். இதழ் வேலைக்கு அவ்வளவு மெல்லியது தேவைப்படாது, இருந்தாலும் ஒரு சுருள் வைத்திருக்கிறேன், ஆசைக்கு. கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள். தூரிகையில் தண்ணீர் தொட்டுக் கோடு இழுத்து, கோட்டின்மேல் மெதுவாகப் பிய்க்க வேண்டும். ஓரத்தில் நார் மயிர் மயிராக நீண்டு நிற்கும். அந்த நார்தான் பிடித்துக்கொள்வது. நேராக வெட்டிய ஓரம் ஒட்டின இடத்திலேயே இன்னொரு கிழிசலுக்கு வழிவிடும். நார் ஓடுகிற திசையும் இதழ்த்தாளின் திசையும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் காய்ந்ததும் பக்கம் சுருளும்.

பசை கோதுமை மாவுச்சத்திலிருந்து. மைதாவைப் பிசைந்து கழுவிப் பசையத்தை நீக்கினால் கீழே தங்குகிற வெள்ளைச் சத்து. இங்கே கடையில் பொடியாகவே விற்கிறார்கள். தண்ணீரில் கரைத்து, சின்னத் தீயில், கண்ணாடி போல் தெளியும்வரை கை எடுக்காமல் கிண்டி, ஆறவைத்து, சல்லடையில் இரண்டு முறை தேய்த்து இறக்க வேண்டும். பாய் மைதாவை அப்படியே காய்ச்சுவார். அட்டைக்குத் தோசைமாவுப் பதம், தாளுக்கு நீராகாரப் பதம் என்பார். பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் ஒரு சிட்டிகை போடுவார்; பசை லேசாகப் பச்சை பாய்ந்திருக்கும். பேரேட்டுக்கு அது சரி. இதழுக்கு நான் போடுவதில்லை. செம்பு உப்பு நாளடைவில் தாளை அரிக்கும். பாயிடம் ஒரு தடவை ஊருக்குப் போனபோது இதைச் சொன்னேன். “ராமபாணம் தின்னுச்சுன்னா எந்தக் காலத்துக்குத் தாளு இருக்கப்போவுது?” என்றார். நியாயம்தான். அவர் பேரேடுகள் அவர் ஊர்ப் பூச்சியோடு போராடின. நான் அதற்குப் பதில் பசையைத் தேவைக்கு மட்டும் காய்ச்சுகிறேன், மீந்தால் கொட்டிவிடுகிறேன்.

பசையின் அளவுதான் கடைசிவரை வராது. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் அதிகம் வைப்பார்கள். தூரிகையில் எடுத்த பசையை முதலில் ஒரு வீண் தாளில் தடவிவிட்டு, மீந்த ஈரத்தால் மட்டும் ஒட்டுங்கள் என்று பாய் சொல்லமாட்டார். தூரிகையை என் கையிலிருந்து வாங்கித் துணியில் துடைத்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். அவ்வளவுதான் பாடம்.

முதுகுக்கு வருவோம். சென்டர் பின் அடித்த இதழில் பின் துருப்பிடித்தால் துரு தாளுக்குள் இறங்கி ஓட்டையைப் பெரிதாக்கும். பின்னைப் பிடித்து இழுக்கக் கூடாது. நடுப்பக்கத்தைத் திறந்து, கால்கள் இரண்டையும் மெல்லிய தகட்டால் நிமிர்த்தி, பின்பக்கமாகத் தள்ள வேண்டும். பிறகு அதே ஓட்டைகளில் நூலால் தைத்துவிடுவேன். இது பாயின் கை. புதுப் பின் அடித்தால்தான் அசலைப் போல இருக்கும் என்று சேகரிப்பாளர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். பழைய பின்னை ஒரு குட்டி உறையில் போட்டுக் கூடவே கொடுத்துவிட்டால் சமாதானம். பசை முதுகு வைத்த பர்ஃபெக்ட் பைண்டிங் இதழ் வேறு ரகம். இயந்திரத்தில் உருக்கி ஊற்றிய அந்தப் பசை வயதானால் வறண்டு உடையும். ஒரு பக்கம் கழன்றால் அடுத்தவையும் வரிசையாகக் கழலும். இதழை விரித்துத் தட்டையாக்க அமுக்கியவர்களால்தான் பெரும்பாலும் ஆரம்பிக்கும்.

ஏன் அமுக்குகிறார்கள்? ஸ்கேன் செய்ய. இதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரை முடியாது.

இந்த இதழ்கள் செய்துவந்த வேலைகளை இணையம் ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டது. முதலில் போனது செய்தி. மாத இதழில் வருவது சில வாரங்களுக்கு முன்னால் முடித்த பக்கம். அதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. கடல் தாண்டிய இதழ்களை அது சீக்கிரமே சாய்த்தது. அமெரிக்காவில் விஸ் நிறுவனத்தின் ‘அனிமெரிகா’ 2005இல் நின்றது. 2002இல் தொடங்கிய ‘நியூடைப் யூஎஸ்ஏ’ 2008இல் நின்றது. அதன் இடத்தில் வந்த ‘பிக்’ நான்கு இதழோடு சரி. ‘அனிமே இன்சைடர்’ 2009இல். அமெரிக்க வாடிக்கையாளர் ஒருவரின் ‘நியூடைப் யூஎஸ்ஏ’ கட்டு என்னிடம் வந்தபோது, கூடக் கொடுத்த டிவிடியைப் பிடித்திருந்த பசைப்பொட்டுகள்தான் பெரிய தலைவலியாக இருந்தன. ஜப்பானில் இதழ் விற்பனை 1997இல் உச்சிக்குப் போய் அப்புறம் இறங்கு முகம். 2016இல் 41 ஆண்டுகளில் முதன்முறையாகப் புத்தகங்களின் விற்பனைத் தொகை இதழ்களின் தொகையைத் தாண்டியது. அனிமேஜும் நியூடைப்பும் அந்தச் சரிவிலும் உயிரோடு நின்றன. அதற்கு ஃபுரோகுவும் போஸ்டரும் ஒரு காரணம் என்பது என் கட்சி. திரை தர முடியாதது அதுதான்.

இரண்டாவதாகப் போனது ஒளிபரப்பு அட்டவணை. இன்றைய பிள்ளைகளுக்கு அது புரியாது. ஜப்பானின் எந்த ஊர்ச் சேனலில் எந்தத் தொடர் என்றைக்கு எத்தனை மணிக்கு என்று பொடி எழுத்தில் பக்கம் பக்கமாகப் போடுவார்கள். எனக்கு வருகிற இதழ்களில் அதிகம் அழுக்கான பக்கம் எது தெரியுமா? போஸ்டர் இல்லை, பேட்டி இல்லை. அட்டவணைதான். சிவப்புப் பேனாவில் வட்டம், அடித்தல், அம்புக்குறி, வீடியோ நாடா எண். ஓரம் கைபட்டே மழுங்கியிருக்கும். ஒருவர் அந்தப் பேனாக் கோடுகளை அழித்துத்தர முடியுமா என்றார், விற்கப்போகிறாராம். பேனா மை ஆர்ட் பேப்பரில் போகாது, கரடுத்தாளில் சுத்தமாகப் போகாது, விடுங்கள் என்றேன். கரைப்பான் வைத்து முயன்றால் கொஞ்சம் போகும் என்பதும் உண்மை. அந்த வேலையை நான் எடுத்துக்கொள்வதில்லை. வேறு யாராவது செய்வார்கள்.

ஸ்கேனை நான் பகையாகப் பார்க்கவில்லை. 2010 வாக்கில் ஐபேட் வந்தபோது புத்தகத்தின் முதுகை வெட்டித் தாள் தாளாக ஸ்கேனரில் விடுவது இங்கே ஒரு அலையாகப் பரவியது. அதற்கு ஜிசுய் என்று பெயர் வைத்தார்கள். கூலிக்குச் செய்துதரும் கடைகளும் முளைத்தன. 2011இல் எழுத்தாளர்களும் ஓவியர்களும் வழக்குப் போட்டார்கள். ஹிகஷினோ கெய்கோவும் நகாய் கோவும் அதில் இருந்தார்கள். அறிவுசார் சொத்து உயர்நீதிமன்றம் 2014இல் அந்தக் கூலி ஸ்கேனிங் பதிப்புரிமை மீறல் என்றது. உச்ச நீதிமன்றத்திலும் அது நிலைத்தது. எனவே பிறருக்கு ஸ்கேன் செய்துதரும் வேலைக்கு நான் போவதில்லை. தாளை மட்டும்தான் தொடுகிறேன். தன் இதழைத் தனக்காக ஸ்கேன் செய்கிறவர் முறையைக் கேட்டால் சொல்லித்தருவேன்: முதுகை வெட்ட வேண்டாம், தொட்டிலில் பாதி விரிந்த நிலையில் வைத்து மேலிருந்து படமெடுங்கள், பக்கத்துக்குப் பின்னால் கறுப்புத்தாள் வையுங்கள், மறுபக்க அச்சு தெரியாது, அச்சுப் புள்ளியும் சென்சாரின் கட்டமும் மோதி அலையலையாகக் கோடு வந்தால் அதிக நுணுக்கத்தில் எடுத்துப் பின்னால் குறையுங்கள்.

அப்போதும் ஒன்று வராது. இந்த இதழ்களின் அட்டைகளில் தோல் நிறம் உயிரோடு தெரிய வேண்டும் என்பதற்காகச் சாதாரண மெஜந்தாவோடு, சிலசமயம் அதற்குப் பதிலாகவே, ஒளிரும் இளஞ்சிவப்பு மை ஓட்டுவார்கள். அதுதான் கடையில் பத்தடி தள்ளி நின்றாலும் கன்னம் சிவந்து கூப்பிடுகிற அட்டை. அந்த மை ஒளியை வாங்கித் தன் நிறத்தில் திருப்பித் தருகிறது. திரைக்கு அந்த நிறம் கிடையாது. எந்த ஸ்கேனில் பார்த்தாலும் கன்னம் சாதாரண ரோஜா நிறம். வெயிலில் முதலில் செத்துப்போகிற மையும் இதுதான். ஜன்னலோரம் காட்சிக்கு வைத்த இதழில் தலைமுடியும் உடையும் அப்படியே இருக்கும், முகம் மட்டும் வெளிறியிருக்கும். திரும்பக் கொண்டுவர வழியில்லை. சிலர் வண்ணப் பென்சிலால் தொடச் சொல்வார்கள். கையைக் கட்டிக்கொள்வேன்.

செல்லோடேப் பற்றி ஒரு வார்த்தை. பழைய இதழின் முதல் எதிரி பூச்சியுமில்லை, மழையுமில்லை, இதழை நேசித்தவர் ஒட்டிய டேப்தான். நாடா தானே கழன்று விழும். பசை மஞ்சளாகித் தாளுக்குள் நிற்கும். மிதமான வெப்பக் காற்று காட்டி நாடாவை எடுத்து, மீந்த பிசினைக் கிரேப் ரப்பரால் உருட்டி உருட்டி எடுக்க வேண்டும். உள்ளே இறங்கிய மஞ்சளை விட்டுவிடுங்கள். போஸ்டரின் நான்கு மூலையிலும் ஊசி ஓட்டை இருக்கும். கிழிசலாக வளர்ந்திருந்தால் மட்டும் பின்னால் ஒரு துளி கோசோ. ஓட்டை ஓட்டையாகவே இருக்கட்டும். அது யாரோ ஒருவரின் சுவரில் தொங்கியது.

அனிமேஜ் 1979 முதல் வாசகர் வாக்கெடுப்பில் அனிமே கிராண்ட் ப்ரீ என்று பரிசு கொடுக்கிறது. அந்த வாக்குக்கான அட்டை ஒன்று ஒரு இதழுக்குள் கிடைத்தது. பெயர், வயது, பிடித்த படம், பிடித்த பாத்திரம் எல்லாம் பள்ளிப்பிள்ளைக் கையெழுத்தில் நிரப்பி, தபால்தலையும் ஒட்டியிருந்தது, அனுப்பப்படவில்லை. இதழைக் கொண்டுவந்தவர் கடைக்காரர். அட்டையை எடுத்துவிட்டால் சுத்தமாக இருக்கும் என்றார். எழுத்துள்ள அட்டைக்கு விலை குறையுமாம். எடுத்தால் ‘ஃபுரோகு இல்லை’ என்று துண்டுத்தாளில் எழுத வேண்டியிருக்குமே என்றேன். யோசித்தார். பெயரும் முகவரியும் வெளியே தெரியாதபடி அட்டையைப் பக்கத்தோடு மடித்து வைத்தேன், ‘எழுத்து உண்டு’ என்று எழுதிக்கொண்டார்.

கற்றுக்கொள்ள நினைக்கிறவர்களுக்கு: நல்ல பிரதியில் கைவைக்காதீர்கள். ஃபுரோகு போய், பக்கம் வெட்டுப்பட்டு, முதுகு உடைந்த பிரதியைத் தேடி வாங்குங்கள். நாகானோ பிராட்வே கடைகளிலும் ஜிம்போச்சோவிலும் வாசலில் பெட்டியில் போட்டிருப்பார்கள். ஊரில் இருப்பவர்கள் பழைய கோகுலம், அம்புலிமாமா, எந்த வார இதழானாலும் எடுத்துக்கொள்ளலாம், தாள் தாள்தான். முதல் மாதம் பிரிப்பதும் எண்ணுவதும் மட்டும். பசையை அடுத்த மாதம் தொடுங்கள். சென்னையில் ஐப்பசி கார்த்திகையில் ஒட்டுவேலை வைத்துக்கொள்ள வேண்டாம், காயாது, தை பிறக்கட்டும். ஒட்டியதும் இரு பக்கமும் துணித்தாள், அதன்மேல் உறிஞ்சுதாள், அதன்மேல் பலகை, பலகைமேல் பாரம். பிரஸ் வாங்கக் காசில்லை என்று தள்ளிப்போடாதீர்கள். இரண்டு பலகையும் நான்கு செங்கல்லும் போதும். செங்கல்லைத் துணியில் சுற்றிக்கொள்ளுங்கள். செம்மண் தூள் அட்டையில் விழுந்தால் போகாது.